சவரிமுத்துவுக்காக ஒரு மன்றாட்டு

மலை ஊரான வெள்ளக்கடையில், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். ஒருவர் மன்றாட்டுச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். பிலோமினாவின் மன்றாட்டுகள் எப்போதும் நீளமாக இருக்கும்.

போன மாதம் அவள், "குடிப்பழக்கத்தில் விழுந்த எங்கள் சகோதரர் சவரிமுத்துவை மீட்டருளும்" என்று வேண்டினாள். எஸ்டேட் பாதையில் அவர் தள்ளாடி நடந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். சவரிமுத்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மனைவி ஈவ்லினும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து அவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தார். சேலத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர், மூளையில் கட்டி, முன்பே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார். இரண்டாம் நாள் உயிர் போயிற்று.

பெட்டியை மூடும் நேரம். "பிலோமினாக்கா, நீங்கதான் நல்லா ஜெபிப்பீங்க. ஆரம்பிங்க" என்றாள் ஈவ்லின். குரலில் குத்தல் இல்லை. பிலோமினாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் முழங்காலிட்டாள். பழகிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, இவரு குடிக்கல. நாந்தான் அப்படிச் சொன்னேன். என்னை மன்னியும்."



ஈவ்லின் கணவரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தலை நொம்ப வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னு கேட்டாருங்க, அக்கா" என்றாள். "போதை தெளிஞ்சா சரியாப் போயிரும், பேசாமப் படுங்கன்னு நான் சொல்லிட்டேன்."