தேங்கிய நீருக்கு வேறு செக்‌ஷன்

உலகின் மாபெரும் நாகரிகங்கள் எல்லாம் நீரினால் எழுந்தவை. எங்கள் தெருவிலும் நீர் எழுந்தது. முழங்கால் வரை எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வருடம் ஆகிறது.

என் மனைவி பூங்கோதை பரணில் குடியிருக்கிறாள். வடிகாலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டாள். சாப்பாட்டைக் கீழிருந்து நீட்டுகிறேன். எனக்குக் கழுத்து வலிக்கிறது.

வடிகால் கட்டி முடித்துவிட்டார்கள். தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருக்கிறது. உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்கிறது. நீர்மட்டம் அளக்க வந்தவர்களிடம் அளவுகோல் இல்லை. எதிர்வீட்டு நாகலிங்கம் மேல் கோடு போட்டு எண் எழுதிவிட்டுப் போனார்கள். அவர் இன்னும் தண்ணீரில் நிமிர்ந்தே நிற்கிறார்.

"இன்னிக்கு எவ்ளோ சார்?" என்றேன்.

"அம்பத்திரண்டு. நேத்தும் அதான். மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

சொறிந்துவிட்டேன். அப்படியே வட்டார அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே தாழ்வாரம் முந்நூறு அடிக்கு ஓரடி வீதம் சரிந்திருந்தது. நடக்க நடக்க நீண்டது. கோப்புகள் தாமாகவே வழுக்கிப் போய்க் கடைசி மேசையில் தேங்கியிருந்தன. அவற்றின் மேல் உதவிப் பொறியாளர் திருஞானம் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வடிகாலுக்குள்ள போகல சார்."

"எந்தத் தண்ணி?"

"மழைத் தண்ணிதான்."

"விழறப்பதாங்க அது மழைநீர். தரையைத் தொட்டுட்டா தேங்கிய நீர். போர்டு பாத்தீங்கல்ல? மழைநீர் வடிகால். தேங்கிய நீருக்கு வேற செக்‌ஷன்."

"அது எங்க இருக்கு?"

"தண்ணிக்குள்ள."

நான் நின்றுகொண்டே இருந்தேன். திரும்பிப் போக எனக்குத் தெம்பில்லை. போகச் சொல்ல அவருக்கும் தெம்பில்லை.

"ஒண்ணு பண்ணுங்க," என்றார் கடைசியில். "அதை மேலேருந்து மறுபடி விழ வைங்க. விழுந்தா மழைதானே? வியாழக்கிழமை திறப்பு விழா. ஒரு வாளி போதும்."

வியாழக்கிழமை வாளியைத் தூக்கினேன்.

"ஏங்க, அந்த வாளியையா எடுக்கறீங்க?" என்றாள் பூங்கோதை, பரணிலிருந்து.

"வீட்டுல இருக்கறதே ஒரு வாளிதான்."

"அதுக்கில்ல, உள்ள..."

"நேரமாச்சு."

"சரி, போங்க. சத்தம் கேட்டா இறங்கிடறேன்."

ஒரு காலைக் கீழே தொங்கவிட்டாள். மூன்று வருடம் கழித்து அவள் கால் விரல்களைப் பார்த்தேன். மெட்டி லேசாகக் கறுத்திருந்தது.

பந்தல் தண்ணீரில் மிதந்தது. விழாத் தலைவர், இது நீரின் விடுதலை என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். திருஞானம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் தெருத் தண்ணீரை மொண்டுகொண்டு ஏறி, வாளியை வடிகாலுக்கு மேல் கவிழ்த்தேன். எல்லோரும் குடை விரித்தார்கள்.

"மழைநீர்," என்று சொல்லிக்கொண்டே திருஞானம் பதிவேட்டில் எழுதினார்.

தண்ணீர் வடிகாலுக்குள் ஓடியது. சத்தம் தெருமுனை வரை கேட்டது. என் வீட்டுப் பரண் பலகை கிறீச்சிட்டது.

பிறகு சத்தம் நின்றது. வடிகால் அடைத்துக்கொண்டது. பலகை மறுபடி கிறீச்சிட்டது. பூங்கோதை காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"அம்பத்திரண்டு," என்றார் நாகலிங்கம்.

திருஞானம் குச்சியை விட்டுக் கிளறினார். சிக்கியதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இது யாருது?"

காலையில் ஊறவைத்த என் ஜட்டி. பின்பக்கம் கிழிந்திருந்தது.