மூக்குக்கு வைத்த கனம்

மேசை விரிப்புக்கு அடியில் மர்ரே டிரகென்சா தவழ்ந்துகொண்டிருந்தார். பல்லுக்கிடையில் ஒரு குட்டி ரம்பம். முழங்கால்கள் இரண்டும் ஏற்கெனவே டாக்டரிடம் புகார் கொடுத்தவை. இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் சொடக்குப் போட்டு அவரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தன.

விரிப்புக்கு வெளியே ஒரு ஜோடிக் கறுப்புக் காலணி நின்றது.

நான்கர்விஸ். மாடல் விமானப் போட்டியின் தலைமை நடுவர். சுண்டுவிரல் நீள விமானத்தின் சக்கரக் குழிக்குள்ளும் டார்ச் அடித்து, உள்ளே குழாய் ஓடுகிறதா என்று பார்க்கிற மனிதர்.

காலணிகள் நகர்ந்தன.

மர்ரே மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கையை மட்டும் மேலே அனுப்பினார். விரல்கள் மேசைமேல் நண்டு மாதிரி நடந்தன. அங்கேதான் நின்றது மீட்டியார். கொரியப் போரில் பறந்த வெள்ளி நிற ஜெட்டின் பிளாஸ்டிக் வாரிசு. ஒரு வருடத்துச் சாயங்காலங்களையெல்லாம் தின்று வளர்ந்தது. அதைத் திருடத்தான் வந்திருக்கிறார். தன்னுடையதையே.

காரணம், அதன் மூக்கு.

மூக்குக்கடியில் சக்கரம் உள்ள விமானங்களோடு ஒரு தொல்லை. மாடலில் உள்ளே எல்லாம் வெற்றுக்கூடு. மூக்கில் கனம் வைக்காமல் ஒட்டிவிட்டால், வால் தரையில் உட்கார்ந்து மூக்கு கூரையைப் பார்க்கும். மாடல்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வாலரூ கடற்கரை ஊர். அங்கே வீட்டுக்கு வீடு மீன்பிடிப் பெட்டி உண்டு என்பதால் எல்லோரும் தூண்டில் ஈயக்குண்டைத்தான் திணிப்பார்கள்.

மர்ரேயும் திணித்தார். போதவில்லை. பசையோ இறுகத் தொடங்கியிருந்தது. சமையலறைக்கு ஓடினார், ஜன்னலோரம் இருந்த சாஸரில் கையை விட்டார், அகப்பட்ட மஞ்சள் வளையத்தைக் கொண்டுவந்து உள்ளே போட்டு மூடினார். மீட்டியார் சமர்த்தாக நின்றது. அத்தோடு அதை மறந்தும் போனார்.

அதே வாரம் அவர் மனைவி கிளெனிஸின் கல்யாண மோதிரம் காணாமல் போனது. அதே சாஸரிலிருந்து.

மர்ரே தொட்டியின் கழிவுக்குழாயைக் கழற்றினார். தூசு உறிஞ்சும் மெஷினின் பையைப் புல்வெளியில் கொட்டிச் சலித்தார். பக்கத்து வீட்டு நாயைக்கூட இரண்டு நாள் பின்தொடர்ந்தார். வளையத்தையும் மோதிரத்தையும் முடிச்சுப் போடும் புத்தி மட்டும் வரவில்லை. இன்று காலை நான்கர்விஸ் மீட்டியார் முன்னால் குனிந்து, "மூக்குல என்னய்யா வச்சே? ஆணி அடிச்ச மாதிரி நிக்குது" என்று கேட்டபோதுதான் வந்தது. வந்ததும் கையிலிருந்த இறைச்சிப் பேஸ்ட்டி கீழே விழுந்தது.

நாளை அவர்களுடைய கல்யாணத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவு. படகுத்துறையில், பாதிரியாரும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பார்த்துக்கொண்டிருக்க, மர்ரே அந்த மோதிரத்தை மறுபடி அவள் விரலில் போட வேண்டும். கிளெனிஸ் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்குள்ள கிடைச்சுரும், விடு" என்று காரில் வரும்போதுகூடச் சொன்னாள். அவள் வைத்திருந்த அந்த நம்பிக்கைதான் மர்ரேயை மேசைக்கடியில் தவழ வைத்தது.

இந்த வருடம் பார்த்து மீட்டியாருக்குக் கோப்பை கிடைக்கும் என்ற பேச்சும் அடிபட்டது. எதிரே ஒரே ஒரு மாடல்தான். பென்ரோஸின் ஐராகோப்ரா, அதுவும் மூக்குக்கடியில் சக்கரம் உள்ள ஒரு போர் விமானம்.

பென்ரோஸை யாரும் பார்த்ததில்லை. கிளெனிஸின் தங்கை பெரில் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கும் கூச்ச சுபாவி என்று கேள்வி. அவருடைய மாடல்களைப் பெரில் கேக் டப்பாவில் வைத்துக் கொண்டுவருவாள், கோப்பையை அதே டப்பாவில் வைத்துக் கொண்டுபோவாள். வருடா வருடம் பென்ரோஸ் முதலாவது, மர்ரே இரண்டாவது. ஒருமுறை மர்ரே கைகுலுக்கலாம் என்று போய் அந்தப் பின்னறைக் கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ மட்டும் பாடியது.

ஐராகோப்ராவின் மூக்கில் பீரங்கியும் சக்கரக் குழியும் போக, சுற்றிலும் ஒரு மெல்லிய இடுக்குதான் மிச்சம். கிளப்பில் அதைக் கட்டிய அத்தனை பேரும் வாலுக்கடியில் கண்ணாடிக் குச்சி முட்டுக்கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். பென்ரோஸின் ஐராகோப்ரா முட்டு இல்லாமல் நின்றது. எப்படி என்று நான்கர்விஸுக்கே விளங்கவில்லை.

மர்ரேயின் விரல் மீட்டியாரின் இறக்கையைத் தொட்டது.

"யாருய்யா அது?"

கறுப்புக் காலணி திரும்பி வந்து, விரிப்புக்கு வெளியே நீண்டிருந்த மர்ரேயின் கணுக்காலை மிதித்தது. விரிப்பு தூக்கப்பட்டது. ரம்பத்தைக் கடித்தபடி மர்ரே நிமிர்ந்து பார்த்தார்.

"வெளிய வா" என்றார் நான்கர்விஸ். "அதை வாயிலருந்து எடுத்துட்டுப் பேசு. விதி தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஓர் உறுப்பினர் யாரோ செய்த குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைமேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்த நாளிலிருந்து அமலில் உள்ள விதி. மேசைக்கு வந்த மாடலைச் செய்தவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. தொட்டால் கிளப்பை விட்டே நீக்கம். தீர்ப்புக்கு முன் செய்தவரே தொட்டால் மாடல் மட்டும் போட்டியிலிருந்து நீக்கம்.

"என்னோடதைத்தான் தொட்டேன்."

"அப்ப உன் மீட்டியார் அவுட்டு. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா கோப்பையே கைக்கு வந்திருக்கும். என்ன கேடு உனக்கு?"

தேநீர்க் கவுண்டரிலிருந்து பெரில் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் தேநீர்க் கெட்டிலோடு கிளெனிஸ்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மர்ரே எழுந்தார். எழுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கிளெனிஸ், உன் மோதிரம் இதுக்குள்ள இருக்கு. நான்தான் போட்டேன். தெரியாமப் போட்டேன்."

மண்டபத்தில் இருந்தவர்கள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள்.

"எதுக்குள்ள?" என்றாள் கிளெனிஸ்.

"மீட்டியார் மூக்குல. கனம் பத்தலன்னு சாஸர்லருந்து எடுத்தேன்."

கிளெனிஸின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. குழப்பம்தான் வந்தது. "அதுலயா? இருக்க முடியாதே" என்றாள்.

"மர்ரே, எங்கக்கா சொல்றதக் கேளு" என்று பெரில் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அறுக்காத. சொல்றேன்ல, அறுக்காத."

மர்ரே ரம்பத்தை மூக்கின்மேல் வைத்துவிட்டார்.

ஒருத்தர் தலையைத் திருப்பிக்கொண்டார். இன்னொருத்தர் தொப்பியைக் கழற்றினார். பிளாஸ்டிக் தூள் வெள்ளி மழையாக விரிப்பில் உதிர்ந்தது. ஒரு வருடத்துச் சாயங்காலங்கள் கறுக் கறுக்கென்று அறுபட்டன. கடைசி இழுப்பில் மூக்கு தனியே வந்தது. மீட்டியாரின் வால் டங்கென்று மேசையில் இறங்கியது.

ஈயக்குண்டுகள் உருண்டன. அவற்றின் பின்னால் ஒரு மஞ்சள் வளையம்.

மர்ரே அதை எடுத்துத் துடைத்து மனைவியிடம் நீட்டினார். மண்டபத்தில் சிலர் கைதட்டக் கையைத் தூக்கினார்கள்.

கிளெனிஸ் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது பித்தளை, மர்ரே. குழாய் இணைப்புக்குப் போடுன்னு நான் வாங்கி வச்ச வளையம். ஏன் மூணு மாசமா சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு இப்பல்ல தெரியுது."

தூக்கிய கைகள் மெதுவாக இறங்கின. யாரோ செருமினார். நான்கர்விஸ் அறுபட்ட மூக்கை எட்ட நின்றே டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ளயும் பெயின்ட் அடிச்சிருக்கியேப்பா" என்றார் துக்கம் விசாரிப்பவர் போல.

மர்ரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பை போயிற்று, மீட்டியார் போயிற்று. நாளை படகுத்துறையில் எதைப் போடுவது? இந்தப் பித்தளையையா?

"எங்கதான் போச்சு அது" என்றார். "நாளைக்கு உன் விரலுக்கு நான் என்னத்தப் போடுவேன், கிளெனிஸ்?"

கிளெனிஸ் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வேணாம்" என்றாள் பெரில் தாழ்ந்த குரலில். "கோப்பை நமக்குத்தான் இப்ப. ராத்திரி வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம்."

"அந்த மனுஷன் மூஞ்சியப் பாரு, பெரில்."

கிளெனிஸ் ஏப்ரனை அவிழ்த்தாள். வியாழக்கிழமைதோறும் பெரில் வீட்டுக்குத் துணி ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கப் போகிறவள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு போர்வை முடிந்து வந்ததை மர்ரே பார்த்ததில்லை. அதை அவர் ஒருநாளும் யோசித்ததுமில்லை. வீட்டில் தன் வேலை மேசையைத் துடைக்கக்கூட அவளை விட்டதில்லை அவர். 'உனக்கு இதெல்லாம் புரியாது, கை பட்டா ஒடஞ்சிரும்' என்பார்.

அவள் மண்டபத்தின் குறுக்கே நேராக நடந்தாள். மர்ரேயைக் கடந்தாள், மூக்கில்லாத மீட்டியாரைக் கடந்தாள். மேசையின் கோடியில் நின்றாள். கை நீட்டி ஐராகோப்ராவை எடுத்தாள். பயந்து பயந்து எடுக்கவில்லை. ஆன்டெனாக் கம்பியில் விரல் படாமல், இறக்கை இடுக்கில் இரண்டு விரல் கொடுத்து, பழகிய கையோடு எடுத்தாள்.

"கிளெனிஸ், வையிங்க கீழ" என்று நான்கர்விஸ் பதறி ஓடி வந்தார். "செஞ்சவங்களத் தவிர வேற யாரும் அதைத்..."

பாதி வாக்கியத்தில் அவர் வாய் நின்றது. டார்ச் அணைந்தது.

கிளெனிஸ் மூக்கைத் திருகினாள். டக்.

"ஈயம் அடைச்சுப் பார்த்தேன், மர்ரே. இருந்த இடத்துக்குப் பத்தல. வால் விழுந்துக்கிட்டே இருந்துச்சு" என்று உள்ளங்கையை அவர்முன் விரித்தாள். பச்சைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டு அதில் கிடந்தது நாற்பது வருட மோதிரம். "ஈயத்தவிடத் தங்கம் கனம்."