மேட்டுக்கு மயிலை, பள்ளத்துக்கு வெள்ளச்சி

"மாப்ள, நான் ஒட்டகத்தைத் திருப்பிக் கேக்க வரல, அது..."

"நீ கேட்டாலும் தர மாட்டேன் மச்சான். வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிற குடும்பமா இது..."

"கேக்கலைன்னுதான சொல்றேன். அது இருமுதுன்னு..."

"இருமாத ஒட்டகம் எந்த ஊர்ல இருக்கு? இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் மலையேறி வந்த?"

"எங்க ஊர்ல இருக்கு. இருமுற ஒட்டகத்தை உன் பட்டியிலதான் பாக்குறேன்."

ஒருவர் பேச்சை முடிக்க மற்றவர் விடவில்லை. பக்கத்துக் குடிசையில் தயிர்க் குடுவையை மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டேன். சாணம் மெழுகிய சுவரில் பேச்சு தடையில்லாமல் வரும். மாப்ள என்பது லெபாரியோ, என் புருஷன். மச்சான் என்பது வாம்பிலே, அவருடைய இளைய மனைவி அர்பேயின் அண்ணன். நான் மூத்த மனைவி. நாங்கள் சம்புரு இனம், மேட்டில் மாடு வைத்திருப்பவர்கள். அர்பே கீழ்க்காட்டு ரெண்டிலே இனத்துப் பெண். அங்கே எல்லாம் ஒட்டகம்தான்.

போன பஞ்சத்தில் எங்கள் பட்டியில் பாதி மாடு போய்விட்டது. மிச்சமிருந்த மாடுகளிடம் மடி இருந்தது, பால் இல்லை. அர்பேயின் கைப்பிள்ளை பாலுக்கு அழுது அழுது குரலே கம்மிப்போயிற்று. அப்போது வாம்பிலே ஒரு வெள்ளை ஒட்டகத்தை, இந்த வெள்ளச்சியை, ஓட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனான். அவர்கள் வழக்கத்தில் அது கடனும் இல்லை, தானமும் இல்லை. பால் நமக்கு. ஆண் கன்று பிறந்தால் நமக்கு. பெண் கன்று மட்டும் கொடுத்தவன் வம்சத்துக்கு. அப்படிக் கொடுத்த ஒட்டகத்தைக் கொடுத்தவன் வாய்விட்டுக் கேட்டால் அவன் மானம் போய்விடும். வாங்கினவன் திருப்பி ஓட்டிவிட்டாலோ, உன் உறவே வேண்டாம் என்று முகத்தில் அடித்தது போல. ஆக, அவன் கேட்கவும் முடியாது, இவர் கொடுக்கவும் முடியாது. வெள்ளச்சி நடுவில் நின்று இருமிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்காரர் அவளைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கவனிப்பு கூடிப்போனதுதான் வினை. விருந்தாளியை வெளியில் படுக்கவைப்பதா என்று பட்டிக்குள்ளே, மாடுகளுக்கு நடுவில், சேறு குழம்பிக் கிடக்கிற இடத்தில் கட்டினார். மாட்டோடு சேர்த்துத் தினமும் தண்ணீருக்கு இழுத்துப் போனார். விடிகாலையில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்தில் புகை போட்டார். வெண்ணெயை முதுகில் தேய்த்தார். எனக்குத் தலையில் தேய்த்துக்கொள்ளக் கிடைக்காத வெண்ணெய். வெள்ளச்சி முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு வேலியில் செருகியிருந்த காய்ந்த முள்ளைத் தின்றாள். திமில் ஒரு பக்கமாகச் சரிந்தது. பால் ஒரு குவளைக்கு வந்து, அப்புறம் அரைக் குவளைக்கு வந்தது. வெயில் பார்க்காத கோழிக்குஞ்சு மாதிரி அவளோடு வந்த பெண் கன்று ஒடுங்கி நின்றது.

"அது இருமுதுன்னு உனக்கு யார் சொன்னது?" என்று லெபாரியோ கேட்டது சுவர் வழியாக வந்தது.

"நான்தான் ஃபோன்ல சொன்னேன்." இது அர்பே.

நான் குடுவையை வைத்துவிட்டு எழுந்து போனேன். சண்டை வலுத்தால் விலக்க ஆள் வேண்டும். நடுவில் இப்படிப் பேச்சு நின்றால் இன்னும் கட்டாயமாக வேண்டும்.

மூன்று பேரும் வெள்ளச்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லெபாரியோ தன் நியாயத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். புல் இருக்கிறது, ஓடையில் தண்ணீர் இருக்கிறது, உடம்பு எரியாத குளிர்ச்சி இருக்கிறது. மாடு தேடி வருகிற இடம் இது. இங்கே ஒரு பிராணிக்கு என்ன குறை வந்துவிடும்? வாம்பிலே தரையைப் பார்த்துக்கொண்டு, புல் மாட்டுக்கு, ஈரம் உண்ணிக்கு, ஒட்டகத்துக்கு இதில் ஒன்றும் இல்லை என்று மெதுவாகச் சொன்னான். அதைத் தவிர அவனால் வேறு சொல்ல முடியாது. சொன்னால் கேட்டதாகிவிடும்.

அர்பேதான் சொன்னாள். "உங்க மயிலையை எங்க ஊர்ல கொண்டுபோய்க் கட்டிப் பாருங்க. அப்பத் தெரியும்."

"என் மயிலை எங்கயும் நிப்பான்" என்றார் இவர்.

மயிலை இவருடைய மணி கட்டிய எருது. அதன் கொம்பை இவர் கன்றுப் பருவத்திலேயே கல்லால் தட்டி வளைத்து வளர்த்தார். அதன் பெயரில் பாட்டுக் கட்டிப் பாடுவார். எனக்கும் அர்பேக்கும் மூத்த சக்களத்தி அந்த எருதுதான் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். இவர் சிரிப்பாரே தவிர மறுத்ததில்லை.

அர்பே பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "பிள்ளையை இன்னும் எங்கம்மா பாக்கல. நான் ஊருக்குப் போறேன். பால் குடிக்கிற பிள்ளை போனா பாலும் கூடப் போகும். இதுல யார் கேட்டா, யார் குடுத்தா?"

ஆண்கள் இருவரும் மூக்குப்பொடியை எடுத்தார்கள். யோசிப்பதற்கு அது வசதி. எந்த மானமும் போகாமல் ஒட்டகம் மலையிறங்க ஒரு வழி இருக்கிறது என்பதும், அதை ஒரு பெண் திறந்துவிட்டாள் என்பதும் அவர்களுக்குப் புரிய, பொடி ஏறித் தும்மி முடிக்கிற நேரம் பிடித்தது.

"எவ்வளவு நாளைக்கு?" என்றார் லெபாரியோ.

அவள் பிள்ளையின் தோல்விரிப்பைச் சுருட்டத் தொடங்கினாள். அப்போதே எனக்கு ஒன்று உறைத்தது. ஒட்டகம் தேறினால் மறுபடி இந்தக் குளிருக்குத் திரும்பாது. பிள்ளைக்குப் பால் அங்கே, புருஷன் இங்கே என்றால் அவள் எந்தப் பக்கம் நிற்பாள்?

இவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தானும் வருவதாகச் சொன்னார். மயிலையும் வரும், கூட இரண்டு மாடும் வரும், அங்கேயே இருந்துகொள்ளலாம் என்றார். வாம்பிலே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

மிச்ச மாடுகளைப் பக்கத்துப் பட்டிக்காரரிடம் விட்டுவிட்டு, குடிசைக் கழிகளைக் கழுதைமேல் கட்டி நானும் கிளம்பினேன். புது இடத்தில் வீடு கட்டுவது பெண்கள் வேலை. கைப்பிள்ளைக்காரி தனியாக என்ன செய்வாள்?

பனிமூட்டத்துக்குள்ளேயே இறங்க ஆரம்பித்தோம். வெள்ளச்சி ஈர மண்ணில் வழுக்கி வழுக்கி, கிழவி படியிறங்குவது போல இறங்கினாள். வெயில் தொட்ட இடத்தில் ஒரு தடவை நின்று கழுத்தை நீட்டினாள். அதற்குக் கீழே கல்லும் முள்ளும்தான். முதல் வேலமரத்தைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்க் கிளையை வாயில் பிடித்தாள். வாம்பிலே கயிற்றை விட்டுவிட்டான்.

சரிவில் ஓர் இடம் உண்டு. அதற்கு மேலே மேய்கிற வரிக்குதிரைகளுக்கு வயிறு வரை அகலப் பட்டை. கீழே இறங்கியதும் பட்டை நெருங்கி, கோடு கோடாக, வயிறு வெளுத்து, காது பெருத்த வேறு ஜாதி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் யாரும் வேலி போடவில்லை. எனக்கு அதைப் பார்த்தால் ஆச்சரியம்தான். யார் போய் அவற்றிடம் உன் இடம் இது என்று சொல்லியிருப்பார்கள் என்று கேட்டேன்.

"வெயில் சொல்லும்க்கா" என்றாள் அர்பே. "நம்ம கழுதைகிட்டதான் அது ஒண்ணும் சொல்லல. இதை எங்க விட்டாலும் நிக்குது."

"நானும் அந்த ஜாதிதான்" என்றேன். லெபாரியோ முன்னால் மயிலையின் மணிச்சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தார். எங்கள் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்காது.

கீழே, காட்டாற்றங்கரையில், அர்பேயின் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிசையை எழுப்பினோம். வெள்ளச்சியின் இருமல் உடனே நிற்கவில்லை. முதலில் சளி நின்றது. பிறகு உப்புச்செடியைத் தேடித் தின்ன ஆரம்பித்தாள். ஒருநாள் விடியலில் வாம்பிலே, "மாப்ள, இங்க கையை வை" என்று அவள் முன்னங்காலுக்கு நடுவில் தொடச் சொன்னான். இரவுக் காற்றில் ஆறிப்போய்க் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. சாயங்காலம் மறுபடி தொடச் சொன்னான். அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. இவர் காய்ச்சல் என்று பதறினார்.

"காய்ச்சல் இல்ல. பகல் சூட்டை உள்ள வாங்கி வச்சுக்கும். ராத்திரி வெளிய விட்டுரும். வேர்த்துத் தண்ணியை வீணாக்காது. உங்க மேட்டுல வாங்கவும் வெயில் இல்ல, விடவும் வழியில்ல."

லெபாரியோவின் பார்வை மயிலைமேல் இருந்தது.

மயிலை பகலில் மேய்ந்திருக்க வேண்டும். ஆனால் பகல் முழுக்க ஒரே மரத்தடியில் நின்றான். மரம் என்ன மரம், முள்ளும் நாலு இலையும். நிழல் நகர நகர அவனும் நகர்ந்தான். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, விலா அடிக்க மூச்சு வாங்கினான். எச்சில் கயிறாகத் தரையைத் தொட்டது. கூட வந்த மாடுகளும் அப்படியே. ஒட்டகங்கள் எட்டிப்போய் மேய்கிற இடம் வரை மாடு நடந்தால் தண்ணீருக்குத் திரும்ப முடியாது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே நின்றால் தின்ன ஒன்றும் இல்லை. இவர் மணலில் தோண்டிய ஊற்றுக்குழிக்கு இறங்கி, வாளி வாளியாக மொண்டு எருதின் முதுகில் ஊற்றினார். தண்ணீருக்குக் காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "மாப்பிள்ளை எருமை வளக்குறாரோ" என்று கேட்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருமகன் ஆயிற்றே.

வாம்பிலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயித்தவன் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் என்றால் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவன் ஒற்றைக்காலில் நின்று, மடித்த தொடைமேல் பாத்திரத்தை வைத்து வெள்ளச்சியைக் கறந்தான். நுரை விளிம்புக்கு மேலே எழும்பி வழிந்தது. பிள்ளை முகமெல்லாம் நுரையாக்கிக்கொண்டு குடித்தது. பெண் கன்று துள்ளிக்கொண்டு போய் யார் குடிசையிலோ முட்டியது. மேட்டில் நான் அதைத் துள்ளிப் பார்த்ததே இல்லை.

லெபாரியோ தன் பங்குப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, நாளைக்கு மாட்டை மேலே ஏற்றிவிடப்போவதாக, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். மயிலை இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டான் என்றார். அந்த வாயால் அதைச் சொல்ல எவ்வளவு பட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். பெரிய மழை பெய்து இங்கே புல் வந்தால் பார்க்கலாம் என்று ஏதோ இழுத்தார். இந்தப் பக்கம் பெரிய மழை எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

"அர்பே, நீ?" என்றார் கடைசியாக.

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். அவசரப்படவில்லை. வெள்ளச்சி சற்றுத் தள்ளி மண்ணில் மண்டியிட்டுப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். மரத்தடியில் மயிலையின் மணி, மூச்சு வாங்கும்போதெல்லாம் லேசாக அசைந்தது.

"உங்க மயிலையால இங்க இருக்க முடியாது. என் வெள்ளச்சியால அங்க இருக்க முடியாது. அதுக ரெண்டும் என்ன செய்யும், உடம்பு அப்படி" என்றாள். "நீங்க மனுசன்தான, ரெண்டு பக்கமும் நடக்க முடியாதா?"