கழுத்து வேலை

தலையில் தொப்பி, தொப்பியின் ஓரத்தில் மூன்று குட்டி விளக்குகள் வைத்த கிளிப், மானிட்டர் மேல் அந்த விளக்குகளைக் கவனிக்கும் ஒரு கேமரா. சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் லிப்ட் மெக்கானிக் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் திருப்பினால் கம்ப்யூட்டர் விமான விளையாட்டில் இருக்கும் விமானியும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாக அதுதான் சரிப்பட்டு வரவில்லை. மூச்சு விட்டாலே திரை நடுங்கியது. ஓடுதளம் எங்கே என்று திரும்பினால் பார்வை இறக்கையோடு நின்றுவிட்டது. ஆறு தடவை வயலில் இறங்கியாயிற்று. எத்தனையோ மாடிக் கட்டடங்களில் லிப்டை நூல் பிசகாமல் வாசலுக்கு நேராக நிறுத்துகிறவருக்கு இது மானப் பிரச்சினை.

இரவல் வாங்கிப்போன டிரில் மெஷினைத் திருப்பிக் கொடுக்கத் தங்கை வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கதவருகிலேயே நின்று திரையைப் பார்த்தாள்.

"இந்தப் பைத்தியம் உன்னை இன்னும் விடலையா?"

"வா கழுத்து" என்றார். வாயில் தானாக வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி முப்பது வருஷம் இருக்கும்.

அப்பாவின் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்திருந்த காலம் அது. அவருக்குப் பதினெட்டு வயது, அவளுக்குப் பத்து. விளையாட்டில் ஸ்டிக்கைப் பிடித்து விமானம் ஓட்ட அவருக்கு இரண்டு கையும் வேண்டும். இடது வலது பார்க்க எண் பொத்தான்களை அமுக்க வேண்டும். அதற்காகக் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் அவள் உட்கார்ந்திருப்பாள். "இடது" என்றால் நாலு, "வலது" என்றால் ஆறு. சில மாதங்களில் சொல்லவே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. விமானிக்குக் கழுத்து அவள்தான், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. "ரெண்டு பேரும் தரையிறங்கிச் சாப்பிட வாங்க" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். பிறகு அவர் வேலைக்குப் போனார், அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, கம்ப்யூட்டர் பழைய சாமான் வண்டியில் ஏறியது.

தங்கை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒரு தடவை ஓட்டு, பாக்குறேன்."

அவர் ஓட்டினார். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீ தலையத் திருப்பவே இல்ல. கண்ணு மட்டும்தான் ஓடுது."

"திருப்புறேனே."

"தோளுதான் லேசா அசையுது. அப்பவும் இப்படித்தான். தோளு அசைஞ்சதும் நான் அமுக்கிடுவேன். அப்புறம் நீ எதுக்குத் திருப்பப் போற?"

அவர் அந்த வானத்தையெல்லாம் தானே பார்த்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"பஸ்ஸுல டிரைவர் எப்படி உக்காருவாரோ அதுக்குத் தோதாத்தான் கண்ணாடிய வைப்போம். உனக்கும் அப்படியே வைக்கலாம்" என்றாள்.

நிமிர்ந்து உட்கார வைத்து, அதுதான் நடு என்று பதிய வைத்தாள். தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று செட்டிங்கில் ஒரு வளைகோடு இருந்தது, அதை நடுவில் படுக்க வைத்தார்கள். மூச்சுக்கு ஆடுவது நின்றது. ஓரங்களில் கோட்டைச் செங்குத்தாக ஏற்றினார்கள். கொஞ்சம் திரும்பினாலே தோளுக்குப் பின்னால் வரை தெரிந்தது. தலை சாய்வதைக் கணக்கிலேயே எடுக்காதபடி செய்தார்கள். நடுக்கத்தைக் குறைக்கும் அளவைக் கூட்டியபோது பார்வை பின்தங்கியது.

"தூங்கி எழுந்தவன் மாதிரி வருது. கொஞ்சம் குறை" என்றாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுத்த தடவை அவர் இடதுபக்கம் திரும்ப, ஓடுதளம் நீளமாக, ஒழுங்காக வந்து நின்றது. சக்கரம் தரையைத் தொட்டது.

"அந்த ஸ்டிக்க ஒரு நாளாவது என் கையில குடுத்தியா?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"நீ கேக்கலையே."

"கேட்டேன். நீ ஓட்டினா யாரு பாக்குறதுன்னு சொல்லிட்ட."

அவர் எழுந்து தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து, ஸ்டிக்கை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்காகச் செய்த செட்டிங் அவளுக்கு ஒத்துவரவில்லை. பஸ் ஓட்டுகிற பழக்கத்தில் அவள் முழுத் தலையையும் திருப்ப, திரை வால்வரை சுழன்றடித்தது. வளைகோட்டை நேராக்கி, அவளுக்கென்று தனியாக ஒன்றைச் சேமித்தார்.

அவள் விமானத்தை மேலே ஏற்றினாள். இடது பார்த்தாள், வலது பார்த்தாள், கீழே போகிற ஆற்றை எட்டிப் பார்த்தாள். நாக்கு நுனி பல்லிடுக்கில் தெரிந்தது.

"எங்க இறக்கணும்?"

"உன் இஷ்டம். பெட்ரோல் நிறைய இருக்கு."

அவள் கடல் பக்கமாகத் திருப்பினாள்.