ஐந்து மணிக் கோபம்

இருபத்தொரு நாள், நாலு மணி நேரம். சர்க்கரையை வீட்டைவிட்டுத் துரத்தி அவ்வளவு காலம் ஆகியிருந்தது. அக்கா கணக்கில் கெட்டி.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பள்ளியிலேயே மாலை வகுப்புகளும் முடிந்து ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருவாள். வந்ததும் பையை எறிவாள், கதவை அறைவாள், அடிக்கத் தம்பி இல்லாத குறைக்குத் தலையணையை அடிப்பாள். அக்கா போனில் பிடித்த ஒரு உணவு ஆலோசகர் அவள் நாக்கைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "எல்லாம் சர்க்கரை பண்ற வேலை" என்றார்.

பிஸ்கட் டப்பா காலியானது. மாமா காபியைக் கஷாயம் போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஃபிரிட்ஜ் கதவில் அக்கா ஒரு அட்டவணை ஒட்டினாள். மகள் கத்தினால் சிவப்பு ஸ்டிக்கர், சமர்த்தாக இருந்தால் பச்சை. அக்கா கத்துவதற்கு நிறம் ஒதுக்கவில்லை.

வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்த எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. வகுப்பு முடிந்ததும் வாலுவை அழைத்து வரவேண்டும்.

"கடைப் பக்கம் திரும்பவிடாதே. நீதான் வேதியியல் படிச்சவளாச்சே" என்றாள் அக்கா.

நாலாம் நாளிலிருந்து ஒரே பச்சை. அட்டவணையின் படம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனது.

அதைப் பார்த்துத்தான் ஆலோசகர் அன்று காலை நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு படிவம். விடுமுறையில் நாற்பது நாள் முகாம். தினமும் இரண்டு வேளைச் சாப்பாடு, நடுவில் வெந்நீர்.

"வீட்டுலயே இந்த மாற்றம்னா, அங்கேருந்து தங்கமா திரும்பி வருவா."

"நான் போகல" என்றாள் வாலு.

"பாத்தீங்களா? எதிர்த்துப் பேசறா" என்றாள் அக்கா.

"அவ பேசலம்மா. உள்ள தங்கியிருக்கற பழைய சர்க்கரை பேசுது."

மாமா தலையைச் சொறிந்தார். "வெந்நீரா? இந்தக் காபிக்கு அது தேவலை. என்னையும் சேத்துக்குவீங்களா?"

"நீங்க சும்மா இருங்க" என்று அக்கா பேனாவை எடுத்தாள். மேசைக்கடியில் வாலு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கையெழுத்துப் போடாதே."

"அடேங்கப்பா, இவளுக்கும் வாய் இருக்கா!" என்றாள் அக்கா.

படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "பள்ளிக்கூடத்துல பதினொன்றரைக்கே சாப்பாடு முடிஞ்சிடுதுக்கா. அப்புறம் அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

"வயிறு காயறது நல்லதும்மா. நஞ்செல்லாம் வெளியேறும்" என்றார் ஆலோசகர்.

"நஞ்சு இல்ல சார், பசி."

அக்கா அட்டவணையைக் காட்டினாள். "அப்ப இத்தனை பச்சை எப்படிடி வந்துச்சு? சர்க்கரைய நிறுத்தினதாலதானே?"

"நிறுத்தவே இல்லக்கா. தினமும் பள்ளிக்கூட வாசல்லயே ரெண்டு துண்டு ரொட்டி குடுத்துட்டுத்தான் கூட்டிட்டு வர்றேன். நடுவுல கட்டியா ஜாம்."