சங்கரலிங்கம் சார் கரைந்த மழைக்காலம்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். சந்தேகப்படுகிறவர்கள் சூடத்தை மட்டும் கொண்டுவர வேண்டும். 1943ஆம் வருஷம் ஆவணி மாதம், தூத்துக்குடிக் கல்லூரியின் ரசாயன ஆசிரியர் சங்கரலிங்கம் தண்ணீரில் கரையத் தொடங்கினார். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம், தாமிரபரணியில் முங்கி வளர்ந்த உடம்பு, அதுவரை எந்தத் தண்ணீரிலும் கரைந்தது கிடையாது. பி.எஸ்ஸி. வகுப்புக்கு உப்புப் பரிசோதனை நடத்திவிட்டுக் கை கழுவினார். துடைக்கும்போது இடது சுண்டுவிரலில் நகம் இல்லை. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. மறுநாள் கழுவியதில் அந்த விரலின் முதல் கணு போயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, தண்ணீர் படாமல் இருந்தால் நல்லது என்றார்.

உப்புப் பரிசோதனை என்பது, ஆளுக்கொரு பொட்டலம் வெள்ளைத் தூளைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பையன்களைக் கண்டுபிடிக்கச் சொல்வது. சில்வர் நைட்ரேட்டு சில சொட்டு விட்டுத் தயிர்போலத் திரிந்தால் குளோரைடு உண்டு. பிளாட்டினம் கம்பியில் தொட்டுத் தீயில் காட்டி மஞ்சள் சுடர் வந்தால் சோடியம் உண்டு. இரண்டும் இருந்தால் அது சோற்றுப்பு. மற்ற ஊர்களில் இது சரி. தூத்துக்குடியில் ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பளம். ஜன்னலைத் திறந்தால் காற்றே உப்பு. வெறும் தண்ணீரில் விட்டாலும் வெளுக்கும், வெறும் கம்பியைக் காட்டினாலும் மஞ்சளாய் எரியும். அதனால் பையன்கள் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே ‘குளோரைடு உண்டு’ என்று எழுதிவிடுவது அந்தக் கல்லூரி வழக்கம். “ஏலே, குளோரைடு பொட்டலத்துல இல்லலே, உன் மூக்குல இருக்கு” என்று சங்கரலிங்கம் வருஷக்கணக்காகச் சத்தம் போட்டும் வழக்கம் மாறவில்லை.

புரட்டாசிக்குள் இடது கையில் கட்டைவிரலைத் தவிர எல்லாம் போய்விட்டது. ஒரு நாள் அதிகாலைப் பனியில் வாசலில் நின்றதில் இடது காதும் போனது. மனைவி அருணாசலவடிவு அவருக்குக் குளிப்பை நிறுத்தி, அரிசிமாவால் உடம்பைத் தேய்த்துவிட்டாள். ரசத்தை நிறுத்தினாள். குடிக்கிற தண்ணீர் மட்டும் எப்படியோ ஒன்றும் செய்யவில்லை. அதற்கு விளக்கம் கிடையாது. அழ வேண்டுமென்றால் கொல்லைக்குப் போய் அழுது, முகத்தை நன்றாக உலர்த்திக்கொண்டு வந்துதான் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐப்பசி பிறந்ததும் கிழக்கே கடல்மேல் கறுப்பு ஏறியது. ஊர் முழுக்க ஜப்பான்காரன் விமானத்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் மேகத்துக்குப் பயந்து பார்த்தார். ஓட்டுக்கூரை ஒழுகும், காற்று ஈரமாகும், சாடியில் உப்பு நமுத்துப்போவதுபோல மார்கழிக்குள் தான் நமுத்துப்போய்விடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தப்பிக்க ஒரு வழியும் தெரிந்திருந்தது. ஓர் உப்பு, தன்னாலேயே நிறைந்த நீரில் அதற்குமேல் கரையாது. வருஷாவருஷம் அவரே கரும்பலகையில் எழுதிய பாடம். மாணவன் வீரபாகுவின் அப்பாவுக்கு உப்பளமும் அதை ஒட்டி உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியும் இருந்தன. மழைக்காலத்துக்காகக் கிட்டங்கிக்குள் ஏற்றி வைத்திருந்த உப்புப் படகான வள்ளத்தில், இனி ஒரு கல் உப்பும் கரையாது என்கிற அளவுக்கு உப்புநீர் நிரப்பினார்கள். சார் சோற்றுப்பாக இருந்தால் அதற்குள் பத்திரம். வேறு ஏதாவதாக இருந்தால் அவருக்கு அந்த உப்புநீரும் தண்ணீர்தான். விடிவதற்குள் ஆள் இருக்கமாட்டார்.

படுதாவால் மூடிய வண்டியில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நேரமில்லை என்பதால் அவர் என்ன உப்பு என்கிற சோதனையையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உப்புக் கிட்டங்கிக்குள் உட்கார்ந்து குளோரைடு தேடுவது, உலகத்தில் வேறு எந்தக் கல்லூரியும் செய்திருக்க முடியாத பிழை. அவர் கை நனைத்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டு விட்டதும் வெளுத்தது.

“குளோரைடு உண்டு சார்” என்றான் வீரபாகு.

ஆய்வுக்கூட உதவி ஆசிரியர் தேவபிரசாதம் வெறுந்தண்ணீர் இருந்த சோதனைக்குழாயைத் தூக்கிக் காட்டினார். அதுவும் அதே வெள்ளை. “இதுலயும் உண்டு. சாரும் வெறுந்தண்ணியும் ஒண்ணுன்னு எழுதிக்கிடுவமா?”

தீயிலும் பார்த்தார்கள். அவரைத் தொட்ட கம்பி மஞ்சள். தொடாத கம்பியும் மஞ்சள். கூடவே வந்திருந்த அருணாசலவடிவு முன்னால் வந்து, புருஷனின் மணிக்கட்டை எடுத்து நக்கிப் பார்த்தாள். சோதனைப் பொருளை நாக்கில் வைக்கக் கூடாது என்பது ரசாயனத்தில் முதல் விதி. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை.

“உப்புத்தான்” என்றாள்.

“அக்கா, இந்த ஊர்ல யார் கைய நக்கினாலும் உப்புத்தான்” என்றார் தேவபிரசாதம். நக்கிய இடம் குழிந்திருந்தது.

ஆழ்வார்திருநகரிக்குக் கொண்டுபோய், உப்புக்காற்று இல்லாத இடத்தில் சோதிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூரை இடுக்கில் இறங்கிய ஒரு துளி சாரின் தோளில் விழுந்து, எலுமிச்சங்காய் உட்காரும் அளவுக்குப் பள்ளம் பறித்தது. அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இறங்கவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை.

“சார், முழுசாப் போடுததுக்கு முந்தி கொஞ்சமா எடுத்துப் பாருங்கன்னு நீங்கதான சொல்லுவிய” என்றான் வீரபாகு.

“என்கிட்ட இருக்கதே கொஞ்சந்தாம்லே.”

ஆனாலும் வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். கரும்பலகையில் எழுதச் சாக்கட்டி பிடிக்கிற விரல். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உப்புநீருக்குள் விட்டார். கூரைமேல் மழைச் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் பார்க்கவில்லை, அருணாசலவடிவுதான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கா?”

“இருக்கு.”

“முழுசா?”

“முழுசா இருக்கு. நகந்தான் கொஞ்சம் வளந்திருக்கு, வெட்டணும்.”

அவர் கழுத்துவரை இறங்கிவிட்டார். உப்பு அம்பாரத்துக்கு வேய்வதுபோலத் தலைக்குமேல் பனையோலை வேய்ந்தார்கள். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் பி.எஸ்ஸி. வகுப்பு கிட்டங்கியில்தான் நடந்தது. பையன்கள் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். கரையாத உப்பு அடியில் எப்போதும் கிடக்க வேண்டும் என்று தேவபிரசாதம் காலைதோறும் ஒரு கூடை கொட்டினார். போன விரல்களும் காதும் திரும்ப வளர்ந்தன. உப்பு தன் பழக்கப்படி கட்டம் கட்டமாகத்தான் வளரும், ஆகவே காது சதுரமாக வந்தது. தை பிறந்து வெயில் உறைத்ததும் தூக்கி வெளியே வைத்தார்கள். மூக்குக்கண்ணாடி முன்னைவிட நன்றாக நிற்கிறது என்றாள் அருணாசலவடிவு. அதிலிருந்து வருஷாவருஷம் அவர் வள்ளத்தில் இறங்குவதும் ஏறுவதும் ஊருக்குச் சாதாரணமாகிவிட்டது. “சார் இறங்கியாச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் பெண்கள் வற்றலை உள்ளே எடுத்தார்கள். சூடம் கொண்டுவருகிறவர்கள் ஒன்றை மட்டும் கண்டுகொள்ளக் கூடாது: தூத்துக்குடியில் முதல் கல்லூரி திறந்தது சுதந்திரம் வந்த பிறகு.