எண்பத்தெட்டு கிலோ

மங்கையர்க்கரசி புனேயின் கட்கி பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவளுக்கு வேலை புனேக்கு வெளியே ஒரு தனியார் ஓடுதளத்தில். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய மைக்ரோலைட் விமானத்தில் பறந்து பார்க்க வருகிறவர்களின் பெயர், வயது, எடை எல்லாம் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புவாள். தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தால் ஏற்றக் கூடாது என்பது விதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை புனே விமான் நகரிலிருந்து வாசுதேவன் மனைவியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் மேலாளர். மேஜைக்குப் பின்னால் இருப்பவளுக்குத் தமிழ் தெரியும் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எடை மெஷின் பக்கத்திலேயே இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எண்பத்தெட்டுன்னு எழுதிக்கோங்க" என்று சிரித்தார். ஆள் அதற்கு மேல் இருப்பார் என்று கண்ணாலேயே தெரிந்தது. நம்மூர் மனுஷர், ஆசையாய் வந்திருக்கிறார், மெஷினில் ஏற்றி ஏன் கூச்சப்படுத்த வேண்டும் என்று அவளும் அப்படியே எழுதினாள்.

விமானம் ஓடுதளத்தின் கடைசிவரை ஓடித்தான் எழும்பியது. ஒரு தென்னை உயரம்கூடப் போயிருக்காது. எஞ்சின் விக்கியது. இடது இறக்கை சாய்ந்து, வேலிக்கு அப்பால் கரும்புத் தோட்டத்தில் போய் விழுந்தது. பைலட் ராகவேந்திரா இடுப்பெலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். வாசுதேவனின் உயிர் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டது.

எடை பார்த்துத்தான் எழுதினேன் என்று விசாரணையில் சொல்லிவிடு என்றார் முதலாளி. மூன்றாம் நாள் அதிகாரிகள் அவளைக் கேட்டபோது, எடை பார்க்கவில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு, அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் விமான் நகருக்குப் பஸ் ஏறினாள். கதவைத் திறந்தது அவர் மனைவி ஸ்ரீவித்யாவேதான். யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"எடை பாக்காம அனுப்புனது நான்தாங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஸ்ரீவித்யா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவரு தொண்ணூத்தியேழுங்க. மெஷின்ல ஏறச் சொல்லியிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு எங்கூடவே ஊட்டுக்குத் திரும்பியிருப்பாருங்க."

வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட மங்கையர்க்கரசி தாங்கியிருப்பாள்.

"உங்ககிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சாருங்களே, வேலியோரத்துல இருந்து பாத்தனுங்க. என்ன சொன்னாருங்க?"

சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னாள். "என் சம்சாரம் பயந்தாங்கொள்ளி, விமானம் ஏறுறப்ப கண்ணை மூடிக்குவா, அவ பக்கத்துல போய் நில்லுங்கன்னாரு. சரின்னேன். அதுக்குள்ள எனக்கு ஒரு போன் வந்துடுச்சு. உங்க பக்கத்துல நான் வரலைங்க."

"மூடலீங்க," என்றாள் ஸ்ரீவித்யா. "அவரு பாக்கச் சொன்னாரேன்னு, அன்னிக்குத்தான் மூடாம பாத்தனுங்க."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் மங்கையர்க்கரசி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். ஸ்ரீவித்யாவின் மகன் வேலை முடிந்து வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அவன் வந்து விளக்கைப் போட்டு, யார் இது என்று கேட்டான். "உக்காரு கண்ணு, சொல்றேன்," என்றாள் ஸ்ரீவித்யா.